பூனைக்கு எண்பத்தொரு சதவீதம்

வந்திருந்தவர்கள்:

கன்னியப்பன். எங்கள் அலுவலகத்தின் முதலாளி. முன்பு ஃபிளெக்ஸ் பேனர் அடித்தவர், இப்போது கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் சோஷியல் மீடியா பார்த்துத் தருகிறவர்.
கோவிந்தராசு. எங்கள் வாடிக்கையாளர். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே உணவகம் வைத்திருப்பவர். இருபத்தேழு வருடம் பிரான்சில் இருந்துவிட்டு வந்ததால் எல்லோருக்கும் முசியே.
கமலவேணி. அந்த உணவகத்தில் மீன் கழுவுகிறவர். ஊர் பிள்ளைச்சாவடி.
கார்குழலி. எங்கள் அலுவலகத்தில் வீடியோ எடுக்கிறவள்.
அரிகிருஷ்ணன். நான். சார்ட் போடுகிறவன்.
வேம்பு. பார்வையாளர்.

மேசை மேல்: ஒரு லேப்டாப், ஒரு கத்தி, ஒரு கமாம்பேர்.

1

இந்தக் கதை ஒரு பாலாடைக்கட்டியிலிருந்து வந்தது. கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு டேஷ்போர்டு தயார் செய்கிறோம். அவர்களுடைய பக்கத்தில் எதை எத்தனை பேர் பார்த்தார்கள், எது எடுபட்டது, எது படுத்தது என்று ஒரே திரையில் காட்டும் படங்கள். படங்களுக்குக் கீழே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். நான்கு வரி போதும். கோவிந்தராசுவின் டேஷ்போர்டில் அந்த நான்கு வரியை எழுத ஆரம்பித்தேன். நிற்கவில்லை. கட்டத்துக்குள் அடங்காததை வெட்டி எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறேன்.

அதனால் இதில் சில இடங்களில் ரிப்போர்ட்டின் வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதைவிட மோசமான வாடை நான்காம் பகுதியில் வருகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: கடல் அன்று காலை சாம்பல் நிறத்தில்

வேண்டாம். புதுச்சேரியை வைத்து எதை எழுதினாலும் கடலும் மஞ்சள் சுவரும் தாமாக வந்து நின்றுகொள்கின்றன. எங்கள் அலுவலகம் முத்தியால்பேட்டையில், ஒரு கிரில் பட்டறைக்கு மேல் மாடியில். ஜன்னலைத் திறந்தால் வெல்டிங் புகை. கடல் இந்தக் கதையில் இல்லை. மீன் இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: சென்னையில் மூன்று வருடம் இரவு ஷிப்டில் வேலை பார்த்தவனுக்கு

இதுவும் வேண்டாம். இதைத் தொடர்ந்தால் என்னைப் பற்றிய கதையாகிவிடும். ஆனால் ஒரு தகவல் தேவைப்படும், சொல்லிவிடுகிறேன். அங்கே என் வேலை திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது. கோடு ஏறினால் ஒருவரை எழுப்ப வேண்டும், இறங்கினால் இன்னொருவரை. ஏறாமலும் இறங்காமலும் இருந்தால் நான் விழித்திருக்க வேண்டும். அதற்கு முன்பு கல்லூரியையும் பாதியில் விட்டிருந்தேன், அதனால் விடுவது எனக்குப் புதிதில்லை. விட்டேன். முதலியார்பேட்டையில் வீட்டுக்கு வந்து தூங்கினேன். இப்போது பகலில் சார்ட் போடுகிறேன், இரவில் தூங்குகிறேன். குறை ஒன்றும் இல்லை.

மூன்றாம் முயற்சி: ஒரு பூனை ஒரு இறாலைத் திருடியது.

இது சரி. இங்கிருந்து போகலாம்.

3

ஒரு பூனை ஒரு இறாலைத் திருடியது. கோவிந்தராசுவின் உணவகத்தில் ஒரு பெண் வறுத்த இறாலை முள்கரண்டியில் உயர்த்திப் பிடித்துத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுக் கூரை மேல் படுத்திருந்த பூனை இறங்கி வந்தது, கவ்வியது, போயிற்று. ஒன்பது நொடி. கார்குழலி பக்கத்து மேசையில் ஒரு தட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். இது தானாக மாட்டியது.

அந்த மூன்று மாதத்தில் உணவகத்தின் பக்கத்தில் போட்டவை மூன்று வகை. ஒன்று, இந்தப் பூனை. இரண்டு, தட்டுகள்: சோறு, குழம்பு, மேலே கொத்தமல்லி. மூன்று, கமலவேணி. வியாழக்கிழமைதோறும் நான்கு நிமிடம் ஒரு மீனைக் கையில் எடுத்து, எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி வெட்டுவது என்று பேசுவார்.

மொத்தம் ஐந்து லட்சம் பார்வைகள். பூனைக்கு நான்கு லட்சத்து ஆறாயிரத்து ஐநூறு. தட்டுகளுக்கு எழுபத்தேழாயிரம். கமலவேணியின் எல்லா வீடியோக்களுக்கும் சேர்த்துப் பதினாறாயிரத்து ஐநூறு. சதவீதமாக 81.3, 15.4, 3.3.

புள்ளி வைத்த எண் கன்னியப்பனுக்கு ஆகாது. “புள்ளியப் பார்த்தாலே கஸ்டமரு டாக்டர் ரிப்போர்ட்டுன்னு பயந்துடுவான்” என்பார். அதனால் முழு எண்ணாக்கினேன். 81, 15, 3. கூட்டினால் 99. ஒன்று எங்கோ விழுந்துவிட்டது.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது பழகிய தொல்லை. வட்டம் 99இல் நின்றால் பார்க்கிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். விழுந்த ஒன்றை யாருக்காவது போட்டு நூறாக்கிவிடுவோம். வழக்கமாகப் பெரிய துண்டுக்கு. அங்கே போட்டால் தெரியாது. நான் கமலவேணிக்குப் போட்டேன். நான்கு.

[நேர்மையா என்றால், இல்லை. இதே வேலையை இந்தக் கதையிலும் ஓர் இடத்தில் செய்திருக்கிறேன். எங்கே என்று ஒன்பதாம் பகுதியில் ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் கண்டுபிடித்தால் உங்கள் சாமர்த்தியம்.]

ஏன் அவருக்குப் போட்டேன்? கோவிந்தராசு கன்னியப்பனிடம் போனில் கேட்டிருந்தார்: “வியாழக்கெழமையப் பூனைக்கே குடுத்துட்டா இன்னா? வாராவாரம் ஒரு திருட்டு.” வெள்ளிக்கிழமை வந்து டேஷ்போர்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகவும் சொன்னார். ஆக நான் போடும் படத்தைப் பொறுத்துத்தான் கமலவேணி வியாழக்கிழமை பேசுவதும் பேசாததும். எந்த எண்ணையும் மாற்றாமல், படத்தின் வகையை மட்டும் மாற்றி ஒருவரை நிறுத்தலாம் அல்லது தூக்கலாம். இதைச் சொல்லித்தரும் பாடம் எதுவும் நான் படித்த வரையில் இல்லை. நான் பாதி வரைதான் படித்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

4

புதன்கிழமை கோவிந்தராசுவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கன்னியப்பன் அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். நாங்களும் கேட்டோம்.

“பொன்ழூர் கன்னியப்பன். வெள்ளிக்கெழமை பதினோரு மணிக்கு வரேன். கமலவேணியையும் இட்டாரேன், அதுக்கும் தெரியட்டும். எனக்கு ஒரு கமாம்பேர் ரெடியா இருக்கணும். பெருசா. பார்த்ததும் புரியணும். மெர்சி.”

“கமாம்பேர்னா இன்னாண்ணே?” என்றாள் கார்குழலி.

“சீஸு. அந்தப் பக்கத்துக் கடையில கண்ணாடிப் பொட்டிக்குள்ள பார்த்திருக்கேன். வட்டமா, மேல மாவு பூத்தாப்புல இருக்கும்.”

“மீட்டிங்குக்கு எதுக்கு சீஸு?”

“அவுங்க பழக்கம் அது. தின்னுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாங்க.”

“பார்த்ததும் புரியணும்ன்றாரே?”

கன்னியப்பன் யோசித்தார். “ஒரிஜினல் வாங்குன்றாரு. நம்மள பத்தி அவருக்குத் தெரியும்ல.”

எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதை இல்லை. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அவர் கேட்டதற்குப் பெயர் வட்ட விளக்கப்படம். சென்னையில் பை சார்ட். எங்கள் அலுவலகத்தில் அடை. “அந்த அடையக் கொஞ்சம் பெருசாக்கு அரி” என்பார் கன்னியப்பன். பிரான்சில் அலுவலகம் போகிறவர்கள் அதே படத்தைத் தங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டியின் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. எந்த ஊர்க்காரன் பார்த்தாலும் அந்தப் படத்தைப் பார்த்ததும் பசிக்கிறது போல.

கார்குழலி போய் வாங்கி வந்தாள். அலுவலகத்தில் ஃபிரிட்ஜ் இல்லாததால் எதிர் ஜூஸ் கடையில் வைத்தோம். வெள்ளிக்கிழமை காலை ஜூஸ் கடைக்காரர் டப்பாவைக் கை நீட்டத் தூரத்தில் பிடித்தபடி மாடியேறி வந்தார்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது செத்துடுச்சி.”

5

இப்போது கமலவேணி. முதல் வரைவில் இவரை நான் கெடுத்து வைத்திருந்தேன். கேட்டதற்கெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். மீனை வைத்து வாழ்க்கையை விளக்கினார். மூன்று பத்திக்கு மேல் எனக்கே தாங்கவில்லை. அழித்துவிட்டு, நேரில் பார்த்ததை எழுதுகிறேன்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். காலை ஏழு மணிக்குப் பிள்ளைச்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். உணவகத்தின் பின்கட்டில் ஒரு சிமெண்ட் மேடை, ஒரு குழாய். அங்கே நின்றுகொண்டு மூன்று மணி வரை மீன் கழுவுவார். கார்குழலியின் செல்போன் ஸ்டாண்டை அவருக்குப் பிடிக்காது. “இந்தக் கொக்கு மறுபடியும் வந்துடுச்சா” என்பார்.

வீடியோ எடுப்பது பின்கட்டை ஒட்டிய சாமான் அறையில். பழைய கட்டடம், பத்தடிக் கதவு. உள்தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருப்பிடித்து எப்போதோ விழுந்துவிட்டது. சும்மா சாத்தினால் நிற்காது. காற்றில் திறந்துகொள்ளும், ஆட்டோ ஹாரனும் சமையல்கட்டுச் சத்தமும் உள்ளே வரும். வெளியிலிருந்து பூட்டினால்தான் நிற்கும். சாவி ஒன்றே ஒன்று, கோவிந்தராசுவின் சட்டைப் பையில். அதனால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வியாழன் பத்து மணிக்குக் கார்குழலியும் கமலவேணியும் உள்ளே போவார்கள். கோவிந்தராசு வந்து பூட்டுவார். பதினொன்றுக்கு வந்து திறப்பார். தாழ்ப்பாளை மாற்றலாமே என்று கேட்டால் மாற்றலாம் என்பார்.

[தாழ்ப்பாள் விவரம் எதற்கு என்று தோன்றலாம். தேவை இருக்கிறது. கதையில் சும்மா ஒரு கதவு வைக்க எனக்குத் தெரியாது.]

வியாழக்கிழமை ஏதோ கோப்பு வாங்கப் போனபோது கமலவேணி மேடையிலிருந்தே கேட்டார்.

“தம்பி, பூனைக்கு எவ்ளோ?”

“எம்பத்தொண்ணு.”

“எனக்கு?”

“நாலு.”

“நாலாவது எடமா?”

“இல்லக்கா. நூத்துக்கு நாலு.”

“அப்ப ஃபெயிலு.” கையை உதறிக்கொண்டார். “நிறுத்திடுவாரா?”

“தெரியல. நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்லுவாரு.”

“வீடியோல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. எம் பையனே பாக்குறதில்ல. அந்த முக்காலிதான். மத்த நாளு பூரா நின்னுக்கினே கெடக்கேன். அன்னிக்கு ஒரு மணி நேரம் குந்திக்கினு பேசுறேன், நாலு பேரு கேக்குது. இங்க நான் பேசுனா இந்தக் கொழாதான் கேக்கும்.” ஒரு கிழங்கான் மீனை எடுத்துத் தலையை நறுக்கினார். “பூனைக்கு முக்காலி இன்னாத்துக்கு?”

எந்த சார்ட்டிலும் முக்காலிக்கு ஒரு அச்சு கிடையாது.

6

வெள்ளிக்கிழமை, பதினோரு மணி.

“வொய்லா” என்று உட்கார்ந்தார் கோவிந்தராசு. “எங்க கமாம்பேர்?”

கன்னியப்பன் இரண்டு கையாலும் தட்டைத் தள்ளினார். கோவிந்தராசு தட்டைப் பார்த்தார். கன்னியப்பனைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

“இது கமாம்பேர்.”

“ஆமா முசியே. ஒரிஜினல்.”

“நான் கேட்டது வட்டம்பா. எதை எத்தினி பேரு பாத்தாங்கன்னு வட்டமா போட்டு வெட்டிக் காட்டுவாங்களே. அங்க மேரில, எங்க நகராட்சி ஆபீசுல, அதுக்குப் பேரே கமாம்பேர்தான்.”

கீழே பட்டறையில் யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கார்குழலி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. கன்னியப்பன், “அடையா?” என்றார் மெதுவாக. முதலில் சிரித்தது கோவிந்தராசுதான்.

“சரி வுடு. இதையே வெட்டுவோம். கமலவேணி, கத்தியை எடு. அரி, பூனைக்கு எவ்ளோ?”

“எம்பத்தொண்ணு, பதினஞ்சு, நாலு” என்றேன். நான்கு என்று சொல்லும்போது குரல் மாறவில்லை.

கமலவேணி கத்தியை எடுத்தார். வட்டத்தைப் பாதியாக வெட்டினார். பாதியை மூன்றாக, மறு பாதியை மூன்றாக. ஆறு துண்டுகள், ஒன்றுக்கொன்று அளவு பிசகாமல்.

“இன்னா பண்ற நீ?” என்றார் கோவிந்தராசு.

“கூறு போடுறேன்.”

“பூனைக்குப் பெருசா வெட்டச் சொன்னா?”

“பூனை எங்க வந்திருக்குது?”

பிள்ளைச்சாவடிக் கரையில் சின்ன மீனை யாரும் எடை போடுவதில்லை. கூறு கூறாக மணலில் குவித்து வைப்பார்கள். எந்தக் கூறைப் பார்த்தாலும் ஒரே போல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய கூறுக்குச் சண்டை வரும். முப்பது வருடம் அப்படியே போட்ட கை. எண்பத்தொன்றுக்கு நான்கு என்று வெட்டச் சொன்னால் அதற்குத் தெரியாது.

[முதல் வரைவில் இந்த இடத்தில் கமலவேணிக்கு ஒரு வசனம் கொடுத்திருந்தேன். தலையும் செதிலும் போன பிறகு மீனில் என்ன நிற்கிறது என்பதைப் பற்றி. நன்றாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. தன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவர் சொன்னது: “எறா ஊறுகா கெட்டுப்போனாப்புல இருக்குது.” பிறகு தண்ணீர் கேட்டார்.]

நான் லேப்டாப்பைத் திருப்பினேன்.

நான் போட்டு வைத்திருந்தவை நான்கு. முதலாவது வட்டம். அதில் பூனை முக்கால்வாசிக்கும் மேல் படுத்திருந்தது, கமலவேணி ஒரு நூல். பொய் இல்லை. ஆனால் வட்டத்தில் நேரம் கிடையாது. ஒன்பது நொடி ஓடி முடிந்ததும் வாராவாரம் வந்ததும் அதில் ஒரே மாவு. இரண்டாவது லைன் சார்ட். பூனை ஒரு வாரத்தில் ஈட்டி போல ஏறி அடுத்த வாரம் விழுந்தது. அந்த ஈட்டிக்கு இடம் கொடுக்க அளவுகோலை நான்கு லட்சம் வரை ஏற்றியதில், கமலவேணியின் கோடு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. மூன்றாவது, ஒவ்வொரு வாரத்தையும் முந்தியதோடு கூட்டிக்கொண்டே போகிற படம். அது எப்போதும் ஏறும். யாருடையதும் ஏறும். படுத்துப்போன கடைக்குப் போட்டாலும் ஏறும். கமலவேணியைக் காப்பாற்ற அதைக் காட்டலாம் என்று ஒரு மதியம் முழுக்க நினைத்தேன். சாப்பாட்டு நேரமே போயிற்று. பிறகு அழித்தேன். காரணம் கேட்காதீர்கள், வட்டத்தில் ஒன்று சேர்த்தவன் இதில் மட்டும் ஏன் யோக்கியன் என்று எனக்கும் புரியவில்லை.

நான்காவதைக் காட்டினேன். பட்டைகள். வாரத்துக்கு ஒன்று. பூனைக்குத் தனிப் படம், கமலவேணிக்குத் தனிப் படம். இரண்டின் அளவும் வேறு என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். ஒவ்வொரு பட்டையிலும் கீழ்ப்பகுதி கறுப்பு. ஏற்கெனவே பார்த்துவிட்டு மறுபடியும் வந்தவர்கள் அவர்கள். பூனையின் ஒற்றைப் பட்டையில் கறுப்பைத் தேட வேண்டியிருந்தது. கமலவேணியின் பட்டைகள் குட்டை, வாரத்துக்கு ஆயிரத்து ஐநூறுக்கு முன்பின். ஆனால் முதல் பட்டையைத் தாண்டினால் முக்கால்வாசி கறுப்பு.

கோவிந்தராசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். விரலால் பட்டைகளை இடமிருந்து வலமாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

7

8

“ஏழாவது எங்க?” என்றார் கோவிந்தராசு.

விரல் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வெள்ளையில் நின்றது. கன்னியப்பன் எட்டிப் பார்த்தார்.

“இன்னா அரி இது, சீப்புல பல்லு போனாப்புல? பாத்துப் போடக் கூடாதா?”

“விட்டுப்போகலண்ணே. அந்த வாரம் வீடியோ இல்ல.”

“ஏன் இல்ல?” என்றார் கோவிந்தராசு.

எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கார்குழலி கன்னியப்பனைப் பார்த்தாள். கன்னியப்பன் பாலாடைக்கட்டியைப் பார்த்தார். கமலவேணி கத்தியில் ஒட்டியிருந்ததைத் தட்டின் விளிம்பில் வழித்துவிட்டுச் சொன்னார்:

“அன்னிக்கு நீங்க காரைக்காலு கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க. சாவி உங்க பாக்கெட்டோட போச்சி, கதவு நிக்கல.”

“போன் பண்ணியிருக்கலாமே.”

“பண்ணுனோம். மேளச் சத்தத்துல, அப்புறம் பேசுறேன்னு வச்சிட்டீங்க.”

லைன் சார்ட்டில் இது தெரிந்திருக்காது. ஆறாம் வாரத்துப் புள்ளியையும் எட்டாம் வாரத்துப் புள்ளியையும் கோடு தானே சேர்த்துக்கொண்டு போய்விடும், நடுவில் ஒன்றும் நடக்காததுபோல. வட்டத்தில் வாரமே இல்லை. கூட்டிக்கொண்டே போகிற படத்தில் ஏழாம் வாரம் ஒரு சின்னச் சமதளம், அவ்வளவுதான். பட்டை மட்டும்தான் இல்லாததை இல்லை என்று விட்டுவைக்கிறது. இதை நான் திட்டமிட்டு வைத்தேன் என்று எழுத ஆசை. திட்டமிடவில்லை. அவர் கேட்கும் வரை எனக்கு அது வெறும் காலி இடம்.

கார்குழலி செல்போனை எடுத்தாள். “அந்த வியாழக்கெழமை பழைய வீடியோவுக்குக் கீழ வந்து கேட்டிருக்காங்க முசியே. படிக்கவா?”

“படி.”

“‘இன்னிக்கு மீன் இல்லையா?’ ‘அக்காவுக்கு ஒடம்பு ஏதாச்சும் சரியில்லையா?’ ‘சங்கரா வாங்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், யாராச்சும் சொல்லுங்க.’ ‘மீனக்கா எங்க?’ ‘மீனக்கா எங்க?’ இது ஒரே ஆளு, ரெண்டு வாட்டி.”

“எத்தினி பேரு?”

“இருநூத்திப் பதினாலு.”

கமலவேணி தண்ணீர் டம்ளரை வைத்தார். “சங்கராவ வச்சிக்கினா குந்தியிருந்தான்? ஐஸுல போட்டானா கேளு.”

“பூனைய எத்தினி பேரு தேடுனாங்க?” என்று என்னைக் கேட்டார் கோவிந்தராசு.

“யாரும் தேடல.”

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தன் துண்டை எடுத்து, பொறுமையாக, தோலோடு தின்றார். “நல்லா பழுத்திருக்கு” என்றார். எழுந்தார். “பாக்குறேன்.” படியிறங்கிப் போய்விட்டார். கமலவேணி அவர் பின்னால் போக எழுந்து, வாசலில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பாக்குறேன்னா இன்னா தம்பி, ஆமாவா, இல்லையா?”

“வியாழக்கெழமை பத்து மணிக்குத் தெரியும்க்கா.”

9

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். வேம்பு என்று யாரும் வரவில்லை.

கமலவேணி போட்டது ஆறு கூறு. இருந்தவர்கள் ஐந்து பேர். ஒன்று மிஞ்சியது. எழுதும்போது அந்த மிச்சம் உறுத்தியது. 99ஐ நூறாக்கிய அதே கை, பட்டியலில் ஒருவரை ஏற்றியது. பாவம், படியேறி வந்து உட்கார்ந்த வேம்பு கதை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பெயரை அடித்துவிடலாம். அடிக்கவில்லை. தவறு செய்த இடம் தெரியட்டும். டேஷ்போர்டில் மட்டும் திருத்தினேன்: 81.3, 15.4, 3.3. கன்னியப்பன் புள்ளிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

ஐந்து பேருக்கு ஏன் ஆறு என்று கமலவேணியையே கேட்டேன். “ஒண்ணு சேத்துத்தான் போடுவோம். யாராச்சும் வருவாங்க” என்றார். நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மன்னிக்கவும், கன்னியப்பன் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அவர் மனைவி பார்வதி வாசலிலேயே நிறுத்தி, வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னாராம்.

இப்போது முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

கூட்டிக்கொண்டே போகிற படம்போல முடிக்கலாம். கமலவேணி வாரம் ஒரு படி ஏறுகிறார், ஒரு லட்சம் பேர், வெளியூரிலிருந்து அழைப்பு, முக்காலி போய் நாற்காலி வருகிறது. அப்படிப்பட்ட கதைகள் எப்போதும் ஏறும். யாருடையதும் ஏறும்.

வட்டமாக முடிக்கலாம். எல்லோருக்கும் ஒரு துண்டு. கோவிந்தராசுவுக்குக் கொஞ்சம் வருத்தம், கன்னியப்பனுக்குக் கொஞ்சம் புத்தி, எனக்கு

வேண்டாம், எனக்கு ஒன்றும் வேண்டாம்.

பூனை வென்றது என்று முடிக்கலாம். கமலவேணி மேடையில் நின்று கிழங்கான் கழுவுகிறார், குழாய் கேட்டுக்கொண்டிருக்கிறது. இதை எழுதியும் பார்த்தேன். சோகம் நன்றாகத்தான் விழுந்தது. நடக்காததை நடந்ததாகச் சேர்க்க இனி கை வரவில்லை என்பதால் கிழித்தேன்.

நான் பார்த்தது ஒரு கதவு வரைக்கும்தான். அது வரை எழுதுகிறேன். அதற்கு அந்தப் பக்கம் உங்களுடையது.

10

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு உணவகத்தின் பின்கட்டுக்குப் போனேன். ரிப்போர்ட்டின் அச்சுப்பிரதி கொடுக்க என்று சொல்லிக்கொண்டேன். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஐந்து நாள் ஆகியிருந்தது.

சாமான் அறையின் கதவு திறந்து கிடந்தது. கார்குழலி உள்ளே ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டிருந்தாள். முக்காலி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. கமலவேணி வாசலில் நின்றார், கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு சங்கரா. புடவை தினமும் கட்டுகிற புடவைதான், ஆனால் கையில் செதில் இல்லை. கழுவியிருந்தார். ஓட்டு மேல் பூனை படுத்திருந்தது. நான்கு லட்சம் பேர் பார்த்த முகம் என்று அதற்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

பத்து ஆயிற்று. பத்து ஐந்து.

“வரலன்னா போயிக் கழுவ வேண்டியதுதான்” என்றார் கமலவேணி. “அங்க நெத்திலி கெடக்குது, ரெண்டு கூடை.” போகவில்லை.

“காரைக்கால்ல இன்னிக்கு முகூர்த்தமாக்கா?” என்றாள் கார்குழலி உள்ளேயிருந்து.

“வாய வச்சிக்கினு சும்மா இரு கொக்கே.”

பத்து எட்டுக்குச் சமையல்கட்டு வழியாகக் கோவிந்தராசு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஓட்டு மேல் பூனையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டார்.

“நிக்கிறியே, உள்ள போ” என்றார்.

கமலவேணி தட்டோடு உள்ளே போனார். முக்காலியைக் காலால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் எதற்கோ நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டு மேல் பூனை இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், கோவிந்தராசு கதவைச் சாத்திச் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.